வேலை பிடிக்கவில்லை, வேறென்ன என்றும் தெரியவில்லை: நாற்பதை ஒட்டியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2022 மாசி மாதம், ஒரு ஷிப்மென்ட் இரவு, மணி பதினொன்றே முக்கால். திருப்பூரில் 15 வருடம் மெர்ச்சண்டைசராக (ஆர்டரை ஷிப்மென்ட் வரை விரட்டி முடிக்கும் ஆள்) இருந்த பனியன் கம்பெனிக்கு வாட்ஸ்அப்பில் ராஜினாமா அனுப்பினேன். சண்டை எதுவும் நடக்கவில்லை. பேக்கிங் டேபிளில் அட்டைப்பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது, இன்னும் பதினெட்டு வருடம் இதையே எண்ணப்போகிறோம் என்று தோன்றியது. அனுப்பிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு பெருமாநல்லூர் வழியாக குன்னத்தூர் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

அதன்பிறகு 14 மாதம் பட்டேன். இப்போது தையல் மெஷின் மெக்கானிக்காக இருக்கிறேன். வருமானம் பழைய சம்பளத்தைவிடக் கொஞ்சம் குறைவு. ராத்திரி தூக்கம் வருகிறது.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டு ஆர்டர்கள் நின்றதிலிருந்து, “நீங்க எப்படிங் மாறுனீங்க?” என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். டீக்கடையில் நின்று துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான் செய்த வரிசை தலைகீழ். நீங்கள் கீழே உள்ளபடி செய்தால் எனக்கு 14 மாதம் ஆனது உங்களுக்கு எட்டு ஒன்பது மாதத்தில் முடியும், அதிலும் ஏழு மாதம் சம்பளம் வாங்கிக்கொண்டே.

## 1. முதலில் ஊசியைப் பாருங்கள்

ஃப்ளாட்லாக் மெஷினில் தையல் விட்டு விட்டு விழுந்தால் கற்றுக்குட்டி உடனே லூப்பரை (அடியில் நூலைக் கோக்கும் கொக்கி) கழற்றுவான். எனக்கு மெக்கானிக் வேலை கற்றுத்தந்த அண்ணன் விடமாட்டார். “மொதல்ல ஊசிய மாத்துங். அப்புறந்தான் லூப்பரு.” பாதி நேரம் முனை மழுங்கிய ஊசிதான் காரணமாக இருக்கும்.

நமக்கு ஊசி என்பது உடம்பு. ஆறு மாதமாக எதிலும் பிடிப்பில்லை, காலையில் எழவே மனசில்லை என்றால், அதை வாழ்க்கைப் பிரச்சினை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்: தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின், வைட்டமின் பி12, வைட்டமின் டி. தனியார் ஆய்வகத்தில் எனக்கு 1,850 ரூபாய் ஆனது. வெறும் வயிற்றில் காலை ஏழு மணிக்குப் போனால் சாயங்காலம் ரிப்போர்ட் வந்துவிடும். அரசு மருத்துவமனையில் காசில்லை, அரை நாள் போகும்.

எனக்கு பி12 தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. தூக்கமும் நான்கு மணி நேரம்தான். “ஆறு வாரம் மாத்திரை, ஏழு மணி நேரம் தூக்கம். பொறகு வேலையப் பத்திப் பேசலாம்” என்றார் டாக்டர். ஆறாவது வாரம் மூட்டத்தில் பாதி விலகியிருந்தது. மீதிப் பாதி உண்மையிலேயே வேலையைப் பற்றியது. ஆனால் நான் டாக்டரிடம் போனது ராஜினாமா அனுப்பி நான்கு மாதம் கழித்து.

மனநல மருத்துவரைப் பார்ப்பதும் இந்தப் படியில்தான். இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து சோர்வு, தூக்கமின்மை, அழுகை இருந்தால் தள்ளிப்போட வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிப் பிரிவு உண்டு, கட்டணம் இல்லை. தனியார் ஆலோசகரிடம் நான் ஒரு முறைக்கு 900 வீதம் நான்கு முறை போனேன். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்று பெயர், மத்திய அரசின் இலவச எண், 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். தமிழக அரசின் 104இலும் பேசலாம். உயிரோடு இருக்கவே வேண்டாம் என்ற நினைப்பு ஒரு தடவை வந்திருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு முதலில் 14416க்கு அடியுங்கள், வீட்டில் ஒருவரிடமும் சொல்லுங்கள். மற்றதெல்லாம் காத்திருக்கும்.

“ஊருக்குள்ள தெரிஞ்சா?” என்று என் அம்மா வெசனப்பட்டார். தெரிந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஒரு பெரியப்பா மட்டும் தனியாகக் கூப்பிட்டு அந்த டாக்டரின் கிளினிக் எங்கே என்று கேட்டுக்கொண்டார்.

## 2. வீடு எத்தனை மாதம் தாங்கும்?

ஒரு ஞாயிறு மதியம், கணவனும் மனைவியும் உட்கார்ந்து, கடந்த 12 மாத வங்கிப் பதிவை வைத்துக்கொண்டு எழுத வேண்டும். ஞாபகத்திலிருந்து எழுதினால் தப்பு வரும். எனக்கு வந்தது. அன்றைய என் மாதக் கணக்கு இது:

வீட்டுக் கடன் தவணை 11,200. மளிகை, பால், கேஸ் 9,500. சீட்டு 5,000. பெட்ரோல் 3,000. போன், கரண்ட் 1,500. ஆக 30,200. மனைவியின் சம்பளம் 13,000 போக மாதம் 17,200 வேண்டும், கையில் 1,60,000 இருக்கிறது, ஒன்பது மாதம் ஓடும் என்று நினைத்தேன்.

விட்டுப்போனவை மூன்று. பையனின் பள்ளிக் கட்டணம் வருடம் 48,000, அதாவது மாதத்துக்கு 4,000. அப்பா அம்மா மாத்திரை 1,800. மொய்! வைகாசி, ஆவணி, தை என்று கூட்டிப் பார்த்தால் மாதத்துக்கு 2,500 விழுகிறது. நம் பக்கம் வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்யாமல் இருக்க முடியாது, வேலை போனவனுக்கும் விலக்கு கிடையாது. இவற்றைச் சேர்த்தால் தேவை 25,500. ஒன்பது மாதம் ஆறாகிவிட்டது. மூன்றாவது மாதம் மனைவிக்குப் பித்தப்பைக் கல் அறுவை சிகிச்சை, 62,000. நான்காவது மாதமே நகை வங்கிக்குப் போய்விட்டது.

உங்கள் கணக்கில் ஒன்பது மாதத் தேவை தனிக் கணக்கில் சேரும்வரை வேலையை விட வேண்டாம். சேர்ப்பதற்கு ஆகும் காலம்தான் மற்ற படிகளைச் செய்யும் காலம். புதுச் சீட்டு எடுக்காதீர்கள். ஏலத்தில் எடுத்துவிட்ட சீட்டின் தவணை, வருமானம் நின்றபிறகு கழுத்தை நெரிக்கும்.

## 3. காகிதங்கள்: வேலையில் இருக்கும்போதே

அடையாள அட்டை கழுத்தில் தொங்கும்வரை ஹெச்.ஆர். பெண் சிரித்துக்கொண்டு செய்து தருவாள். கழற்றிய மறுநாள் வாட்ச்மேனே உள்ளே விடமாட்டார்.

பி.எஃப். உங்கள் யு.ஏ.என். எண்ணில் (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் மூன்றும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். நம் ஆட்களுக்கு இனிஷியல்தான் சனி: ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் விரித்து எழுதியிருக்கும். திருத்த வேண்டுமென்றால் கம்பெனியின் ஒப்புதல் தேவைப்படலாம், அதை இப்போதே முடித்துவிடுங்கள். வங்கிக் கணக்கும் பானும் இணைந்திருக்க வேண்டும். விலகிய பிறகு கடைசி வேலைநாளைக் கம்பெனி பதிவேற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அது இல்லாவிட்டால் பணம் நகராது. பத்து வருடம் தாண்டியவர்களுக்குப் பென்ஷன் பங்கைத் தொகையாக எடுக்க முடியாது, 58 வயதில் பென்ஷனாகத்தான் வரும். ஐந்து வருடத்துக்குள் எடுத்தால் வரி பிடிப்பார்கள். பணம் எடுக்கும் விதிகளை மாற்ற 2025 அக்டோபரில் முடிவெடுத்தார்கள்: வேலை போனால் 75 சதவீதம் உடனே, மீதி ஒரு வருடம் கழித்து. விண்ணப்பிக்கும் அன்றைக்கு நடப்பில் உள்ள விதியை இணையதளத்தில் படித்துவிட்டுச் செய்யுங்கள். இந்தப் பணத்தை இரண்டாம் படிக் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். ஆன்லைனில் விண்ணப்பிக்கக் காசில்லை. “எடுத்துத் தர்றனுங்” என்று ஆயிரம் இரண்டாயிரம் கேட்பவரிடம் ஓ.டி.பி. சொல்லாதீர்கள்.

கிராஜுவிட்டி (பணிக்கொடை). பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் ஐந்து வருடம் முடித்தவர்களுக்கு உண்டு. கடைசி அடிப்படைச் சம்பளத்தோடு பஞ்சப்படியைக் கூட்டி, 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, வருடங்களால் பெருக்குங்கள். 14,000 அடிப்படை, 15 வருடம் என்றால் 1,21,153 ரூபாய். விண்ணப்பம் கொடுத்தால் 30 நாளில் தர வேண்டும். நான் விண்ணப்பமே கொடுக்கவில்லை, தானாக வரும் என்று உட்கார்ந்திருந்தேன். ஏழு மாதம் ஆனது.

மருத்துவக் காப்பீடு. கம்பெனியின் குழுக் காப்பீடு நீங்கள் விலகும் நாளோடு முடியும். விலகுவதற்கு முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறக் கேளுங்கள், காத்திருப்புக் காலச் சலுகை கூடவே வரும். புதிதாக எடுத்தால் முதல் 30 நாள் விபத்தைத் தவிர எதற்கும் பணம் வராது, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வேண்டியிருக்கலாம். தனிநபர் மருத்துவப் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை. குடும்ப வருமானம் வருடம் 1,20,000க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம், குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. அதற்கு வருமானச் சான்று தேவை, இ-சேவை மையத்தில் கட்டணம் 60 ரூபாய். என் 62,000 ரூபாய்க் கதை இந்தப் பத்தியைச் செய்யாததால் வந்தது.

ஒரிஜினல் சான்றிதழ்கள். சேரும்போது வாங்கி வைத்துக்கொண்ட இடமாக இருந்தால் “பையன் ஸ்கூலுக்கு வேணுங்” என்று ஏதாவது சொல்லி முதலில் திரும்ப வாங்குங்கள். என் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் அங்கேதான் தொலைந்தது. நகல் வாங்க, காவல்துறை இணையதளத்தில் தொலைந்த ஆவண அறிக்கை, படித்த பள்ளி வழியாக விண்ணப்பம், பிறகு காத்திருப்பு. மூன்று மாதம் ஆனது.

இவற்றோடு அனுபவச் சான்று, விடுவிப்புக் கடிதம், கடைசி மூன்று சம்பளச் சீட்டு, படிவம் 16 (வருமான வரிப் பிடித்தச் சான்று). நோட்டீஸ் காலத்தை முழுதாக முடித்தால் இவை பத்து நாளில் வந்துவிடும். நான் வாட்ஸ்அப்பில் அனுப்பியதால் ஒரு மாதச் சம்பளம் பிடித்தம், விடுவிப்புக் கடிதத்துக்கு ஐந்து மாதம். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது, ஷிப்மென்ட் நடுவில் விட்டுவிட்டுப் போனவன் நான்தானே.

## 4. ஒரு நோட்டு, 21 நாள்

நாற்பது ரூபாய் நோட்டு போதும். ராத்திரி படுக்கும் முன் இரண்டே வரி: இன்று எந்த நேரத்தில் மணி பார்க்காமல் இருந்தேன்? எந்த நேரத்தில் மணியையே பார்த்துக்கொண்டிருந்தேன்? “என் வாழ்க்கையின் நோக்கம் என்ன” என்று அதில் எழுத வேண்டாம். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நான் மூன்று மாதம் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தேன். கொசுதான் கடித்தது.

அந்தச் சமயத்தில் அம்மா குலதெய்வக் கோயிலில் பூவாக்கு (பூப்போட்டுச் சாமியிடம் உத்தரவு கேட்பது) கேட்டார். வெள்ளைப் பூ வந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். எதற்குக் கேட்டீர்கள் என்றால், “நீ நினைக்கறது நடக்குமான்னு கேட்டேன் கண்ணு” என்றார். நான் என்ன நினைக்கிறேன் என்பதுதானே தெரியவில்லை! சிவன்மலை முருகன் கோயில் உத்தரவுப் பெட்டியில் வைக்க வேண்டிய பொருள்கூட யாரோ ஒரு பக்தரின் கனவில் தெளிவாக வந்துவிடுகிறது.

வேலையில் இல்லாததால் நான் பழைய 15 வருடத்தை ஞாபகத்திலிருந்து எழுத வேண்டியதாயிற்று. ஐந்தாறு பக்கம் தாண்டியதும் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. பையர் (ஆர்டர் கொடுப்பவர்) பாராட்டிய நாள், சம்பள உயர்வு வந்த நாள், இவையெல்லாம் மங்கலாகவே இருந்தன. லைனில் மெஷின் மக்கர் செய்து, மெக்கானிக்கோடு நானும் டார்ச் பிடித்துக் குனிந்து நின்ற ராத்திரிகள் மட்டும் நூல் கலர் முதற்கொண்டு ஞாபகம் இருந்தன. அது என் வேலையே கிடையாது. மேனேஜர் திட்டக்கூடச் செய்திருக்கிறார்.

உங்கள் நோட்டிலும் இப்படி ஒன்று வரும், பெரும்பாலும் உங்கள் பதவிக்குச் சம்பந்தமில்லாததாக இருக்கும். என்னோடு இருந்த ஒரு அக்கௌண்டன்ட் பெண்ணுக்கு, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு எக்செல் சொல்லிக் கொடுத்த நேரங்கள் வந்தன. ஒன்றுமே வராவிட்டால் மறுபடி ஒன்றாம் படிக்குப் போங்கள். எதுவுமே ருசிக்கவில்லை என்பது டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம்.

## 5. ஆறு ஞாயிறு

நோட்டில் வந்ததிலிருந்து மூன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஞாயிறு. அந்தத் தொழில் நடக்கும் இடத்துக்கே போய், காலையிலிருந்து பொழுதோடு வரை கூலியில்லாமல் நிற்க வேண்டும். யூடியூப் பார்ப்பது கணக்கில் வராது. ஆகும் செலவு பஸ்ஸும் சாப்பாடும்தான், மொத்தம் 2,000 தாண்டாது. எந்த முட்டுவழியும் (முதலும்) போடுவதற்கு முன்னால் இது முடிந்திருக்க வேண்டும்.

முத்தூர் பக்கம் ஒரு நண்பனின் பரண் ஆட்டுப்பட்டிக்கு முதலில் போனேன். வீடியோவில் ஆடு மட்டும்தான் தெரியும். நேரில் தெரிந்தது: தீவனச் செலவு, குட்டிக்கு வரும் கழிச்சல், கட்டுத்தறியை விட்டு ஒரு கல்யாணத்துக்குப் போக முடியாத நிலை. “ஆடு ஞாயித்துக்கிழமைன்னு திங்காம இருக்குமாடா?” என்றான். எனக்கு ஒத்துவராது என்று முதல் மதியமே தெரிந்துவிட்டது. தெரிந்துகொள்ள ஆன செலவு 240 ரூபாய். அதற்கு முந்தின வாரம்தான் 40 ஆட்டுக்குப் பட்டி போட மூன்று லட்சத்துக்கு மதிப்பீடு வாங்கி வைத்திருந்தேன்.

அடுத்தது கவுந்தப்பாடி. பழனி பஞ்சாமிர்தத்துக்குச் சர்க்கரை போகிற ஊர், நாட்டுச் சர்க்கரையை வாங்கி ஆன்லைனில் விற்கலாம் என்று எண்ணம். விடியற்காலை ஆலையில் கரும்புப் பால் கொதிக்கும் வாசனை ஆளைக் கிறங்கடிக்கும். வாசனையில் மயங்கி முதல் ஞாயிறே முடிவெடுத்துவிட்டேன். இரண்டாவது ஞாயிறுதான் காப்பாற்றியது. அன்று ஆலைப் பக்கம் போகாமல், மூட்டை வாங்கி விற்கும் வியாபாரியின் கூடவே இருந்தேன். அவர் நாள் முழுக்கச் செய்தது போன் பேசுவது, லோடு எங்கே என்று கேட்பது, பணம் வராத ஆளைத் துரத்துவது, தரம் சரியில்லை என்பவரைச் சமாதானப்படுத்துவது. அதைத்தானே நான் 15 வருடமாகச் செய்துகொண்டிருந்தேன்! பனியனுக்குப் பதிலாகச் சர்க்கரை. இரண்டு ஞாயிறு என்று நான் சொல்வது இதற்காகத்தான். முதல் நாள் பொருளைப் பார்ப்பீர்கள், இரண்டாம் நாள் அந்தத் தொழில்காரர் எட்டு மணி நேரம் கையால் என்ன செய்கிறார் என்று பாருங்கள். நமக்குப் பிடிக்க வேண்டியது இரண்டாவது.

மூன்றாவது, மெக்கானிக் அண்ணன். ஞாயிறு லைன் ஓடாது, அன்றைக்குத்தான் சர்வீஸ். காலை எட்டு மணிக்கு ஓவர்லாக் மெஷின் (துணி ஓரம் தைப்பது) ஒன்றைப் பிரித்தார், எண்ணெய் துடைக்கும் வேலை எனக்கு. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது மணி மூன்று. நான் கவனிக்கவே இல்லை. கை கறுப்பு, இடுப்பு வலி, வாயில் இரும்பு ருசி. வீட்டுக்கு வந்து நோட்டில் எழுத உட்கார்ந்தபோது இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுத ஒன்றுமில்லை.

ஒவ்வொரு இடத்திலும் கேட்க வேண்டியவை: மழைக்காலத்திலும் ஆடி மாதத்திலும் வருமானம் எவ்வளவு குறையும்? கடன் எத்தனை நாள் நிற்கும்? இந்தத் தொழிலை விட்டுப் போனவர்கள் ஏன் போனார்கள்? “நல்லா போகுதுங்” என்பதோடு எழுந்து வந்துவிடாதீர்கள்.

## 6. யாரிடம், எப்போது சொல்வது

மனைவியிடம் அல்லது கணவரிடம் இரண்டாம் படியிலேயே. அப்பா அம்மாவிடம் ஐந்தாம் படி முடிந்தபிறகு. ஒறம்பரைக்கு (சொந்தக்காரர்களுக்கு) வேலை மாறியபிறகுதான். முன்னாலேயே சொன்னால் ஆளுக்கு ஒரு தொழில் சொல்வார்கள், அவர்கள் மாப்பிள்ளை பையன் எங்கே இருக்கிறான் என்பதும் கூட வரும்.

என் அப்பா மூன்று நாள் பேசவில்லை. “ஆபீசுல ஏசில உக்காந்தவன், இப்ப கையில கிரீசா” என்பது அவருக்கு. தோட்டத்து மோட்டாரை நான் பிரித்து மாட்டிக் கொடுத்த அன்றைக்குப் பேசினார், அதுவும் ஸ்பேனர் எங்கே வாங்கினாய் என்று.

## 7. கற்கும் இடம், கட்டணம், கடன்

மூன்று மாதத்துக்கு மேல் சம்பளமில்லாமல் கற்க வேண்டிய எதையும் வேலையை விட்டுவிட்டுத் தொடங்காதீர்கள். சில வழிகள்:

அரசு ஐ.டி.ஐ.யில் கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 750 உதவித்தொகை உண்டு. ஆண்களுக்கு 40 வயது வரைதான், பெண்களுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. எனக்கு வயது தாண்டிவிட்டது, என் மனைவிக்கு வழி இருந்தது.

வங்கிகள் நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் பயிற்சி, சாப்பாடு எல்லாம் இலவசம். ஈரோட்டில் கனரா வங்கி நடத்துகிறது. பயிற்சியைப் பொறுத்து பத்து நாளிலிருந்து ஒன்றரை மாதம் வரை. ஆதார், ரேஷன் கார்டு நகல், போட்டோ கொண்டுபோங்கள், வயது வரம்பை முதலில் கேட்டுவிடுங்கள்.

வெள்ளாமைப் பக்கம் போகிறவர்கள் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் ஒருநாள் பயிற்சிகளிலிருந்து தொடங்கலாம், காளான், தேனீ போன்றவை. கோபி பக்கம் இருப்பவர்களுக்கு வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.

நான் அண்ணனிடமே கற்றேன். குருதட்சணை கிடையாது, முதல் நான்கு மாதம் கூலியும் கிடையாது. பாதி நாள் ஒரு சின்ன யூனிட்டில் பழைய மெர்ச்சண்டைசிங் வேலையே பார்த்தேன், மாதம் 12,000. பழைய தொழிலை முழுதாக உதறத் தேவையில்லை, புதியது நடக்கப் பழகும்வரை அது தோள் கொடுக்கும். ஆலன் கீ, ஸ்க்ரூ டிரைவர், ட்வீசர், பூதக்கண்ணாடி எல்லாம் சேர்த்து 14,000. பழகுவதற்கு ஒரு பழைய ஓவர்லாக் 16,000.

சொந்தமாகத் தொடங்குகிறவர்களுக்கு: உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பானும் போதும். அதற்கு 1,500 கேட்கும் ஆட்கள் கணினி மையந்தோறும் இருக்கிறார்கள். சேவைத் தொழிலுக்கு வருட வரவு 20 லட்சம் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. முத்ரா கடனில் 50,000 வரை சிசு பிரிவு, அடமானம் இல்லை. மானியக் கடன் வேண்டுமென்றால் மாவட்டத் தொழில் மையம். அங்கே பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் இடத்தையும் பிரிவையும் பொறுத்து 15 முதல் 35 சதவீதம் மானியம் என்பார்கள். கவனியுங்கள், அந்த மானியம் கைக்கு வராது. மூன்று வருடம் வங்கியிலேயே உங்கள் பெயரில் வைப்பாக இருந்து, பிறகுதான் கடனில் கழியும். மானியத்தை நம்பி அட்வான்ஸ் கொடுத்தவர்கள் மாட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பெரிய குழி. திசை தெரியாமல் நிற்கும் ஆளை மோப்பம் பிடித்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். “நீங்க ஒன்னும் பண்ண வேண்டாமுங், பணம் மட்டும் போடுங், மாசமானா வந்துரும்.” பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்ப்பில் பணம் போட்டவர்கள் 2012இல் என்ன ஆனார்கள் என்று நம் ஊர்களில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வழக்குகள் கோவையில் வருடக்கணக்கில் நடந்தன. கோழி போய் இன்றைக்கு வேறு பெயர்களில் வருகிறது. உங்கள் கையும் நேரமும் தேவைப்படாமல் பணம் மட்டும் கேட்கும் எதுவும் இந்தக் கட்டுரையில் சேராது. சந்தேகம் இருந்தால் ரிசர்வ் வங்கியின் சசேத் இணையதளத்தில் அந்த நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள்.

## 8. எந்த மாதம் விலகுவது

தீபாவளி போனஸ் வாங்கிய பிறகு. சட்டப்படி குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதை விட்டுவிட்டு வர வேண்டாம். ஜூனில் பள்ளிக் கட்டணம் வருவதால் ஏப்ரல், மே மாதங்களில் விலகுவது ஆபத்து. நோட்டீஸ் காலத்தைக் கணக்கிட்டு, தை பிறக்கும்போது வெளியே வருவதுபோல் வைத்துக்கொண்டால் ஜூனுக்கு முன்னால் ஐந்து மாதம் கிடைக்கும். கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பி, நகலில் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். பகல் நேரத்தில், சாப்பிட்டபிறகு அனுப்புங்கள்.

முதல் ஆறு மாத வரவை நோட்டில் தினமும் எழுதுங்கள். எனக்கு முதல் மாதம் 4,300, மூன்றாவது மாதம் 9,000, ஆறாவது மாதம் 19,500. பன்னிரண்டாயிரம் வந்துகொண்டிருந்த பாதி நாள் வேலையை ஏழாவது மாதம்தான் விட்டேன். ஒன்பது மாதப் பணம் பாதியாகக் குறைந்தும் வரவு ஏறவில்லை என்றால், பழைய தொழிலிலேயே வேறு கம்பெனிக்குத் திரும்பிப் போங்கள். மூன்றாம் படியின் காகிதங்கள் ஒழுங்காக இருந்தால் அதற்கு ஒரு வாரம்தான் ஆகும்.

எனக்கு இப்போதும் மாதத்தில் ஒன்றிரண்டு நாள் அந்தப் பழைய மூட்டம் வரும், பெரும்பாலும் மழை பெய்து மெஷின் வேலை இல்லாத நாளில். அன்றைக்கு மாத்திரை டப்பாவைப் பார்ப்பேன், பி12 தீர்ந்திருக்கும். தீராமல் இருந்தால் அண்ணன் பட்டறைக்குப் போய் எண்ணெய் துடைக்கும் துணியை எடுத்துக்கொள்வேன்.